எக்கடல்

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் குழந்தைவேலு கேட்டார்:
"யாரு இவரு? போட்டோ உண்டா?"
இல்லை.
"அப்ப அரைப் பக்கம் காலியா நிக்கும்.
ஏதாச்சும் எழுதிக் குடுங்க."

அரைப் பக்கத்துக்கு ஓர் ஆயுள்.
தெருவெங்கும் கொலுசுப் பட்டறைகள்,
ஒரு சுத்தியல் விட்ட இடத்தில் இன்னொன்று.
பக்கத்து டீக்கடையில் நின்றபடி எழுதினேன்.

ஹார்லன் எக்டால். பிறப்பு 1909, நெப்ராஸ்கா.
அப்பா, ரயிலடியில் கோதுமை வண்டிகளை எடைபோட்டவர்.

இந்த வரியில்தான் டெஸ்மண்ட் நிமிர்ந்திருக்க வேண்டும்.
அவனுக்கும் எடைமேடையில்தான் வேலை,
மேக்னசைட் சுரங்கத்தில்.
மாலையில் புருவமெல்லாம் வெள்ளையாக வருவான்.
கையைக் கழுவிய பிறகுதான்
பியானோ மூடியைத் தொடுவான்.

சிக்காகோவில் இரண்டு வருடப் படிப்பு.
மூன்றாம் வருடத்துக்குப் பணமில்லை.
பிறகு முப்பத்தோரு வருடம்
ஓர் இசைப் பதிப்பகத்தில் பிழை திருத்தினார்:
பிறர் எழுதிய சுரங்களில்
உதிர்ந்துபோன புள்ளி, வால் முளைக்காத குறி,
இடம் மாறி உட்கார்ந்த மௌனம்.

தனக்காக எழுதியது இரவில்.
சிம்பொனி இரண்டு.
முதலாவது ஒரே ஒருமுறை, பனி கொட்டிய நாளில்;
மேடையில் அறுபது பேர், எதிரே நாற்பது.
இரண்டாவதை யாரும் கேட்டதில்லை,
அவர் உட்பட.
கூட்டிசை ஒன்றை அடுப்பில் போட்டார்.
ஏனென்று முன்னுரையில் இல்லை.
மனைவி ரூத் விட்டுப் போனாள்,
ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள்.
அந்த ஏழு வருடமும் ஒரு வரி எழுதவில்லை.
வந்த பின்னும் இரண்டு வருடம் எழுதவில்லை.

கடைசியில் ஒரு பியானோ சோனாட்டா.
எந்தக் கப்பலில் வந்ததோ, எந்த எஸ்டேட் பெட்டியில் கிடந்ததோ,
ஏற்காடு ஒண்டிக்கடையில்
பழைய பேப்பரோடு நிறுத்துக் கொடுத்தார்கள்.
முந்நூற்று இருபது கிராம்.
தராசு முள் நிற்கும்வரை டெஸ்மண்ட் காத்திருந்தானாம்.
தொழில் புத்தி.

நூறு பிரதி அச்சாகி வந்தது.
எக்டால் என்ற இடத்தில்
எக்கடல்.
முப்பத்தோரு வருடம் பிழை திருத்தியவரின் பேரில்!
"ஒரு எழுத்துதானே" என்றார் குழந்தைவேலு.
நெப்ராஸ்காவில் கடல் இல்லை.
சேலத்திலும் இல்லை.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்,
திரும்ப மூடிவிட்டேன்.

நான் பக்கம் புரட்டுகிறவள்.
வாசிக்கிறவனுக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால் நாற்காலி;
அவன் தலை அசைந்தால் எழ வேண்டும்.
இந்த சோனாட்டாவில் மட்டும்
எனக்கும் ஒரு சுரம் உண்டு.
கடைசிப் பக்கத்தில் வெறும் கோடுகள்.
அதற்கு முன் பக்கத்தின் அடியில் எக்டால் குறித்திருக்கிறார்:
தாள் புரளும் ஓசையோடு முடிகிறது.

சேலத்து வெயிலில் ஒத்திகை பார்த்தபோது
அப்பளம் நொறுங்குவதுபோல் கேட்டது.

கார்த்திகை மாதம், ஏற்காட்டுப் பள்ளிக்கூட மண்டபம்.
கொக்கி உடைந்த சன்னல் வழியே
மூன்றாம் பகுதிக்குள் மஞ்சு வந்து உட்கார்ந்தது.
சாவிகள் ஈரம். தாள் துணிபோல் தொய்ந்திருந்தது.
டெஸ்மண்ட் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.
எழுந்தேன்.
புரட்டினேன்.
ஒன்றுமே கேட்கவில்லை.
அவன் என்னைப் பார்த்தான்.
பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி புரட்டினேன்.
அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது.

கடைசி பஸ். எஞ்சின் மேல்மூடியின் சூட்டில்
தாள்களை விரித்து வைத்தேன்.
டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை.
இருபது வளைவில் பதினாலோ பதினைந்தோ கழிந்திருக்கும்,
கீழே சேலத்து விளக்குகள் சாய்ந்து சாய்ந்து வந்தன.
திருப்பத்தில் கடைசித் தாள் தானாகப் புரண்டது,
மொரமொரவென்று.

டெஸ்மண்ட் தூங்கிக்கொண்டிருந்தான்.
காலை ஷிப்ட் அவனுக்கு.
எழுப்பவில்லை.