ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய்த் துவக்கு

இரண்டாம் குறுக்குத்தெருக் கடையில்
ஃபஸ்மின் ஹாஜியார் மாதிரிப் பெட்டியைத் தூக்கி
என் கணக்குமேசையில் வைத்தார்.
"மகன் ஒருத்தன் ஈக்கான்தானே, சுட்டுப் பாருங்க.
மூணு காட்டன் எடுக்கலாமா எண்டு திங்கக்கிழமை சொல்லுங்க."

பெட்டிப் படத்தில் ஒரு பொன்முடிச் சிறுவன்
எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறான்.
இருபது மீற்றர் பாயுமாம்.
எங்கள் தொடர்மாடி வீட்டில் இருபது மீற்றர் இல்லை.
குசினி வாசலிலிருந்து முன்கதவுக்குப்
பதினான்கு டைல்ஸ்.
ஆகவே டைல்ஸில் அளந்தேன்:
புதுக் குண்டு பதினொன்று.
பழகிய குண்டு எட்டு.
கடல்பக்க யன்னலில் ஓரிரவு கிடந்த குண்டு
ஐந்தாவதிலேயே மூக்கை மடித்துப் படுத்துவிட்டது.
வெள்ளவத்தை உப்புக்காற்று
ஸ்பொஞ்சையும் சும்மா விடுவதில்லை.

குறி, பத்துக்கு நான்கு.
பால்மா டின்னுக்கு வைத்தது கலண்டரில் படுகிறது.
கலண்டருக்கு வைத்தது என் கணவரில்.
எப்போதும் ஒரு சாண் வலப்பக்கம் விலகும் என்று
மிதுஷன் கண்டுபிடித்தான்.
"பிழையான இடத்துக்குச் சரியாக் குறிவைக்கவேணும் அம்மா."

உள்ளங்கையில் ஒன்று சுட்டுக்கொண்டேன்.
நுளம்பு உட்கார்ந்து எழும்பிய அளவு.
முகத்துக்குச் சுட்டால் துவக்கு அலுமாரிக்கு மேலே போகும் என்று
வீட்டில் சட்டம் போட்டேன்.

பின்னிழுக்கும் பிடி கடினம்.
எட்டு வயதுக்கு மேல் என்கிறது பெட்டி.
எட்டு வயதும் நான்கு மாதமுமானவன்
வயிற்றில் முட்டுக்கொடுத்து, முழங்காலில் முட்டுக்கொடுத்து,
கடைசியில் என்னிடம் கொண்டுவந்தான்.
நூற்றிருபது தடவை இழுத்தேன்
(எண்ணாமல் எதையும் செய்ய எனக்கு வராது).
எழுபத்தாறில் ஒருமுறை இறுகியது,
ஈர்க்கால் குத்தி நெளிந்த குண்டை எடுத்தோம்.
நூற்றிருபதிலும் ஸ்பிரிங்
முதல்நாள் கோபம் குறையாமல் இருந்தது.

உடம்பு மஞ்சள், வாய் செம்மஞ்சள்.
எட்டத்தில் நிற்பவருக்கும்
விளையாட்டென்று விளங்கவேண்டும் என்பதற்காக.
அவர் அதைக் கையில் வாங்கவேயில்லை.
"இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருந்திருக்கலாம்" என்றார்,
பேப்பரை இறக்காமல்.

ஞாயிறு பின்னேரம் பல்கனியால் ஒன்று பறந்து
முச்சக்கரவண்டிக் கூரையில் விழுந்தது.
லிஃப்ட் வேலைசெய்யாத நாலு மாடியும் ஏறி
சுமனதாச கொண்டுவந்து தந்தார்.
ஏசப்போகிறார் என்று நான் நின்றேன்.
குண்டை நசுக்கினார், விட்டார்,
அது நிமிர்வதைப் பார்த்தார்.
"கீயத?"
மகளுக்காம்.

திங்கள் காலை நூறாம் இலக்க பஸ்.
கைப்பைக்குள் துவக்கு,
சாப்பாட்டுப் பார்சலோடு ஒட்டிக்கொண்டு.
காலிமுகத்திடல் வரும்போது குனிந்தால்
பையின் ஸிப் முழுக்கத் திறந்திருக்கிறது.
திறந்தது என் கைதான்.
யாரும் கேட்கவில்லை.
எத்தனையோ வருடமாக யாரும் கேட்பதில்லை.
பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பெட்டை
செம்மஞ்சள் வாயை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
மூடினாலும் ஒருமாதிரி, மூடாவிட்டாலும் ஒருமாதிரி.
கோட்டை வரை அப்படியே வைத்திருந்தேன்.

இதை நான் ஹாஜியாருக்கு எழுதவில்லை.
எழுதியது:
இரண்டு காட்டன் போதும்.
குண்டுகள் தனிப் பக்கெட்டில், மூன்று மடங்கு எடுக்கவும்.
தொலைவது குண்டுதான், துவக்கல்ல.
இருபது மீற்றருக்கு மேல் விலை ஸ்டிக்கரை ஒட்டவும்.
முச்சக்கரவண்டிக்காரர் ஒருவருக்குக்
கொள்விலையில் ஒன்று.

மாதிரியோடு வந்த குண்டு பத்து.
திருப்பிக் கொடுத்தது ஒன்பது.
மற்றது ஒரு காற்சட்டைப் பையில்
இரண்டாம் பாடத்தில் இருக்கும் இப்போது.
ஹாஜியார் எண்ணமாட்டார்.
இந்தக் கடையில் எண்ணுவது நான்தானே.