ஒரு சாண் உயரம்

படிவத்தில் நாலு கட்டங்கள்.
பெயர்: நிக்கனோர் யுக்ரா.
படைப்பிரிவு எண் எனக்கே தெரியும்.
மூன்றாவது, தூரம்.
நான்காவது கொஞ்சம் பெரியது:
வீரச்செயலின் விவரம்.

நான் கம்பெனி எழுத்தன்.
பென்சிலை நாவில் நனைக்கப் பார்த்தேன்,
நாவில் ஈரமில்லை.
சாக்கோ காட்டில் ஜனவரிதான் கோடை.
தண்ணீர் லாரி வந்து மூன்று நாள்.

நடந்ததை நானும் பார்த்தேன்.
முள்கம்பிக்கும் எங்கள் பதுங்குகுழிக்கும் நடுவே
செவேரோ கிடந்தான், தொடையில் குண்டு.
முதலில் அம்மாவைக் கூப்பிட்டான், ஐமாராவில்.
அப்புறம் தண்ணீரை.
அப்புறம் எங்கள் பெயர்களை, ஒவ்வொன்றாக.
என் பெயர் வந்தபோது
நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து
மறுபடி கட்டினேன்.

நிக்கனோரின் பெயர் அந்த வரிசையில் வரவேயில்லை.
முந்தாநாள்தான் அரைக் குவளைத் தண்ணீருக்காக
இருவரும் மூக்குடையச் சண்டை போட்டிருந்தார்கள்.

துப்பாக்கியை என்னிடம் நீட்டினான்,
சந்தைக்குப் போகிறவன்
பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதுபோல.
வயிற்றால் ஊர்ந்தான்.
பராகுவேக்காரர்களின் இயந்திரத் துப்பாக்கி
மணலைத் தைத்துக்கொண்டே வந்தது,
நூல் தீர்ந்ததுபோல் நின்றது,
மறுபடி தைத்தது.
கள்ளி பிளந்து பால் தெறித்தது.
அவன் தலை ஒருமுறைகூட நிமிரவில்லை.

திரும்பும்போது செவேரோ அவன் முதுகில்.
இரண்டு சட்டைகளை முடிந்து
மார்போடு கட்டியிருந்தான் சுமையை.
சுமை அலறியது.
'அலறினால் நல்லது' என்றார்
என் பக்கத்தில் யாரோ.

எப்படிப் போனாய், என்று கேட்டேன்.
'பொத்தோசியில் வெள்ளீயச் சுரங்கம்.
பன்னிரண்டு வயதில் இறங்கினேன்.
எலிவளை மாதிரிக் குடைவு,
பிடரிக்கும் பாறைக்கும் ஒரு சாண்.
தாது மூட்டையோடு நிமிர்ந்தால் மண்டை போகும்.
இங்கே பாறைக்குப் பதில் குண்டு.
கூரை கூரைதானே.'

பயமில்லையா?
'இருந்தது. அங்கேயும் இருந்தது.
அங்கே இருட்டாவது இருந்தது.'

எவ்வளவு தூரம்?
கன்னத்தில் நாக்கைச் சுழற்றி யோசித்தான்:
'ஒரு வாய் கொக்கா இலை
சாரம் இழக்கிற தூரம்.'

லெப்டினன்ட் அதை அடித்து
எண்பது மீட்டர் என்று திருத்தினார்.
நான்காம் கட்டத்தில் தாய்நாடு என்ற சொல்லை
இரண்டு முறை சேர்க்கச் சொன்னார்.
சேர்த்தேன்.
பூட்ஸ் கயிற்றுக்குக் கட்டம் இல்லை.

ஐந்தாம் நாள் லாரி வந்தது.
ஏற்றும்போது செவேரோ
நிக்கனோரின் மணிக்கட்டைப் பிடித்து
நீளமாக ஏதோ சொன்னான்.
ஐமாரா. இவனுக்குத் தெரிந்தது கெச்சுவா மட்டும்.
புரிந்ததுபோல் தலையாட்டி வைத்தான்.
அவன் பிழைத்தானா, கால் பிழைத்ததா,
கடைசிவரை தகவல் இல்லை.

அன்று தண்ணீர் ஆளுக்கொரு குவளை.
வரிசையில் நின்றோம் வெட்டவெளியில்,
ஒரு துண்டு மேகமும் இல்லாத வானத்தின் கீழ்.
சுடுவது ஓய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
எனக்கு முன்னால் நிக்கனோர்,
காலிக் குவளையை நெஞ்சோடு பிடித்தபடி,
குனிந்தே நின்றான்.