பலகை எங்களுடையது

கச்சான் தணிந்த மாதம்
குதிரைக் கப்பலில் வந்தார் ஆயர் யஸ்தீன்.
கரையில் கால் வைத்ததும் வாந்தி.
அதற்குப் பிறகுதான் ஆசீர்.

வேதாளையில் அன்று எங்களுக்கு
ஒரு சிலுவை, இரண்டு கோவில்.
ஆண்கடலில் சங்கு குளிப்போருக்கு நான் குரு.
பெண்கடலில் வலை இழுப்போருக்கு ஆத்தன் யோனான்.

ஏன் பிரிந்தீர்கள் என்றார்.
ஆத்தன் ஒரு காரணம் சொன்னான்.
நான் மூன்று சொன்னேன்:
இரண்டு என் தகப்பன் காலத்தவை,
மூன்றாவது அன்று காலையில்தான் தோன்றியது.

நோன்பு முடியும் நாளில் மட்டும் வழக்கு மெய்.
அவர்கள் உயிர்ப்பு கொண்டாடிப் பாரை சுடுவார்கள்,
எங்கள் பட்டினியில் ஏழு நாள் பாக்கி இருக்கும்.
பங்குனியிலும் விடாத வாடைக்கு வேதம் தெரியாது.
மணத்தை நேரே எங்கள் குடிசைக்குள்
கொண்டுவந்து கொட்டும்.

ஆயர் மறுமொழி சொல்லவில்லை.
ஓலை கேட்டார், எழுத்தாணி கேட்டார்.
பதினோரு நாள் வீடு வீடாக எண்ணினார்:
எத்தனை தலை, எத்தனை தோணி,
யாருக்கு யார் கடன்,
எந்தப் பிணம் எந்த உடைமரத்தடியில்.

எண்ணும்போது அகப்பட்டது ஒன்று.
எங்கள் குளியாள் மாறன் சாமோ
இடுப்புக் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்குவது
அவர்கள் பக்கத்து மச்சினன் கையில்.
"கடலுக்கடியில் மட்டும் ஒரே சபையா?"
"மூச்சைப் பிடிக்கும்போது யோசிக்க முடியாது, சாமி."

அப்புறம் இரண்டு கடலையும் விரலால் தொட்டு நக்கினார்.
"இரண்டும் உப்பு. எழுது."
பெண்கடலில் உப்பு ஒரு சிட்டிகை குறைவு.
அவருக்கு எங்கள் ஊர் நாக்கு இல்லை.

தீர்ப்பு ஓலை ஒரு சாண் நீளம்.
நாள் அவர்களுடையது.
சுவர் அவர்களுடையது, கூரை எங்களுடையது;
பிரித்துக் கொண்டுபோய் வேயவேண்டும்.
தட்டி ஆள் கூப்பிடும் பலகை எங்களுடையது,
உடைந்த கப்பலின் தேக்கு.
தட்டுபவன் ஆத்தன்.
அவன் பின்னால் நின்று
ஆமென் சொல்பவன் நான்.

என் தோளில்தான் சுமந்து போனேன்.
மணலில் இரண்டு தரம் இறக்கி வைத்தேன்.
கை கொடுக்க ஓடிவந்தவர்களிடம்
கனமில்லை என்று பொய் சொன்னேன்.

ஆயரின் கப்பல் கொல்லத்துக்குத் திரும்பியது.
ஆத்தன் முதல் ஞாயிறு பலகையின் நடுவில் தட்டினான்.
நடுவில் தட்டினால் அது பேசாது.
இடது ஓரம், ஆணித் துளைக்கு ஒரு விரல் கீழே,
அங்கேதான் அதன் தொண்டை.
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
மூன்று ஞாயிறு ஆமென் சொன்னேன்,
உள்ளே கொஞ்சம் சிரிப்போடு.

நாலாம் வாரம் மாறனின் மனைவி
கூடையை இறக்காமலே கேட்டாள்:
"பலகை செத்துப்போச்சா?"

அன்று இரவு விளக்கு இல்லாமல் போனேன்.
துளையை விரலால் தடவிக் கண்டுபிடித்து
கரியால் ஒரு புள்ளி வைத்தேன்.

விடியற்காலை ஆத்தன் புள்ளியைப் பார்த்தான்.
என் பக்கம் திரும்பவில்லை.
கட்டையை ஓங்கினான்.