சேற்றில் நின்ற கால்

ஆறு மாதம் என்றுதான் சொல்லி வந்தேன்.
அப்புத்தளையிலிருந்து வவுனியாவுக்கு ஒரு பஸ்,
அங்கிருந்து இன்னொன்று.
மடியில் பை. பைக்குள்
அரம், உளி, மாக்கட்டுத் துணிச் சுருள்கள்,
அம்மா திணித்த அரைக் கிலோ தேயிலைத் தூள்.
ஒட்டுசுட்டானில் இறங்கியபோது
கண்ணுக்கு எட்டியவரை மேடே இல்லை.
சரிவில் பிறந்தவனுக்குச் சமதரை
கொஞ்ச நாள் தலையைச் சுற்ற வைக்கும்.

பட்டறை என்று காட்டியது பழைய நெற்களஞ்சியம்.
கூரைத் தகரத்தில் சன்னம் துளைத்த ஓட்டைகள்;
பத்து மணிக்கு அவற்றின் வழியே
காசு காசாய் வெயில் விழும்.
அந்தக் காசுகளில் ஊன்றுகோல் பதித்து
முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள்.
ஒன்பது பேருக்கும் சேர்த்து ஏழு கால்.

நாடாவை இறுக்காமல் சுற்றளவு எடுப்பேன்.
எப்படிப் போனது என்று கேட்பதில்லை.
அவர்களாகச் சொன்னால்
பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன்.

குலவீரசிங்கம் கேட்டது ஒன்றுதான்:
"தம்பி, சப்பாத்துப் போடுற கால் வேண்டாம்.
வயலுக்க இறங்கிற கால் தா."
என் கையேட்டில் சேறு என்று ஒரு பக்கம் இல்லை.
ரப்பர் பாதம், டயர்ப் பட்டி, இரண்டு ஆணி,
மூன்று கிழமை தட்டிப் பார்த்துக் கொடுத்தேன்.
விதைப்புக்குப் போனவர்
மகனின் சைக்கிள் கரியரில் திரும்பி வந்தார்,
ஒற்றைக் காலோடு, முகமெல்லாம் சிரிப்பாய்:
"கால் அங்கயே நிண்டிட்டுது. நான்தான் வந்திட்டன்."
அன்று பின்னேரம் மண்வெட்டியோடு போய்
வாய்க்கால் ஓரம் இருவருமாய்
அதைக் கிண்டி எடுத்தோம்,
மரவள்ளி கிண்டுவதுபோல.

கூலி இல்லை என்று பலகையில் எழுதியிருந்தேன்.
பூசணிக்காய் வந்தது. உழுந்து வந்தது.
சாராயப் போத்தலில் காட்டுத் தேன் வந்தது.
ஒருநாள் கயிற்றோடு ஓர் ஆட்டுக்குட்டி.
வேண்டாம் என்றதும்
அருள்மலரக்காவின் முகம் சுருங்கிவிட்டது:
"அப்ப நாங்கள் வாங்கிற ஆக்கள் மட்டும்தானோ?"
கயிற்றை வாங்கிக்கொண்டேன்.
அது இதுவரை ஏழு குட்டி போட்டிருக்கிறது,
ஒன்றுகூட என்னிடம் தங்கவில்லை.
அவை போன வீடுகளுக்கு நான் போனால்
ஆட்களுக்கு முதல் அவைதான் கத்தும்.

சுடர்விழி வளர்ந்துகொண்டேயிருந்தாள்.
எட்டு மாதத்துக்கு ஒருமுறை கால் கட்டையாகிவிடும்.
கழற்றிய பழையதை நெடுங்கேணிப் பொடியனுக்குக்
கொடுத்துவிடச் சொல்லி நீட்டினாள்.
உட்புறத்தில் பேனையால் எழுதியிருந்தது:
"இது இடப்பக்கம் கொஞ்சம் கடிக்கும்.
பஞ்சு வை. பிறகு ஓடலாம்."

பிறகு கொழும்பிலிருந்து கடிதம்.
திட்டம் நிறைவுற்றது, சம்பளம் மாசியோடு சரி.
இரண்டு தரம் வாசித்தேன்.
நொண்டிக்கொண்டிருந்த மேசையின்
நாலாவது காலுக்குக் கீழே
நாலாய் மடித்து வைத்தேன்.
இன்றுவரை மேசை ஆடவில்லை.
அம்மா மட்டும் போனில் கேட்பாள்,
"எப்பய்யா வர்ற?"
"அடுத்த மாசம்மா."
பதினோராவது வருடமாய்
அதே அடுத்த மாசம்.

போன மார்கழி மழையில் காய்ச்சல்.
பாயைச் சுற்றி மூன்று வாளி,
மூன்றும் நிரம்பிவிட்டன.
எழும்ப முடியவில்லை. மின்சாரமும் இல்லை.
ஒருவருக்கும் சொல்லவும் இல்லை.
எப்படித் தெரிந்ததோ,
கிரவல் பாதையில் காலடிகள் கேட்டன.
இருட்டிலும் எனக்கு ஆள் தெரியும்.
அந்த அழுத்தமான ஊன்றல் அருள்மலரக்கா,
கையில் கஞ்சிப் பானை இருக்க வேண்டும், மெதுவாய் வருகிறா.
பின்னால் துள்ளித் துள்ளி வருவது நெடுங்கேணிப் பொடியன்.
பிறகு ஏணி சாத்தும் சத்தம், தறப்பாள் இழுபடும் சத்தம்.
கூரையில் யாரோ கத்துகிறார்:
"பயப்பிடாதேங்கோ, விழுந்தாலும்
முறியிறதுக்கு ஒரு கால்தான் இருக்கு!"

தகரத்தின் மேல் அவர் நடக்கிறார்.
டக். சர்ர். டக். சர்ர்.
கணுக்கால் ஆணி தளர்ந்திருக்கிறது.
காய்ச்சல் விட்டதும்
முதல் வேலையாய் அதை இறுக்க வேண்டும்.