பதினொன்றரை ரிங்கிட்

பாயான் லெப்பாஸ். பின்னிரவு இரண்டே கால்.
கடைசிச் சரக்கு விமானமும் இறங்கிவிட்டது.
ஒவ்வொன்று இறங்கும்போதும்
என் வளைகோட்டில் ஒரு பல் முளைக்கும்.
பல்லைப் பார்த்தே விமானத்தின் எடையைச் சொல்வதாக
தியோ பந்தயம் கட்டுவான், தோற்பான்,
மறுநாளும் கட்டுவான்.

மேசை காற்றின்மேல் நிற்கிறது.
அதன் நடுவே தே ஓ நிறத்தில்
சீனிக்கட்டி அளவு படிகம்,
சிட்டிகை இரும்பு கலந்தது.
மின்னழுத்தம் கொடுத்தால் ஒளியின் நடை மாறும்.
எவ்வளவுக்கு எவ்வளவு என்பதுதான் என் வேலை.
முப்பது புள்ளி எட்டு என்கிறது புத்தகம்.
எனக்கு முப்பத்தொன்றுக்குக் குறைய மாட்டேன் என்கிறது.
அந்த மிச்சத்துக்குள்
லோரியும் ஏர்கோனும்
மாடிக் கழிவறையின் தண்ணீர்க் குழாயும் ஒளிந்திருக்கின்றன.

வீட்டுக்கடன் பாரத்தில், தொழில் என்ற கட்டத்தில்
அளப்பது என்று எழிதிக் கொடுத்தேன்.
துணியா, நிலமா என்று கேட்டாள் வங்கிப் பெண்.

தைப்பூசத்தன்று தொழிற்பேட்டை அடைத்திருந்தது.
ஊரே தண்ணீர்மலைக்குப் போயிருக்க
நான் இங்கே ஒற்றையாய் உட்கார்ந்து
எண்ணெய் தடவி வாரிய தலைபோல
ஒரு கோடு வாங்கினேன்.
என் காவடி அவ்வளவுதான்.

இந்தப் படிகம் எழுதியதை வைத்துக்கொள்ளவும் செய்யும்.
சோதனைக்கு எப்போதும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்.
அது அலுத்துப்போன ஒரு வெள்ளிக்கிழமை
பர்ஸிலிருந்த நாசி கண்டார் பில்லைப் படமெடுத்து
திரையில் ஏற்றினோம்:
கோழி இரண்டு, வெண்டைக்காய், குழம்பு வெள்ளமாக,
காப்பி ஓ ஐஸ் இரண்டு.
மொத்தம் இருபத்து மூன்று.
பாதி தியோ தரவேண்டியது.

பச்சை லேசரை இரண்டாகப் பிளந்தோம்.
ஒன்று பில் வழியாக வந்தது.
மற்றது எதையும் பார்க்காமல் வந்தது.
இரண்டும் உள்ளே சந்தித்தபோது
வெளிச்சத்தில் நின்ற எலெக்ட்ரான்கள்
மழைக்கு அஞ்சடியில் ஒதுங்குகிறவர்களைப் போல
இருட்டுப் பக்கம் போய் ஒண்டிக்கொண்டன.
அவை ஒண்டிய வரிசைதான் பில்.

படிக்கவும் அதே பச்சைதான் வேண்டும்.
அது பட்டதும் ஒண்டியவை மறுபடி கிளம்பிவிடும்.
முந்நூறாவது வாசிப்பில் வெண்டைக்காய் போயிற்று.
எழுநூறில் கோழியின் விலை
மூன்றா எட்டா என்று சந்தேகம்.
அடுப்பில் வைத்துச் சுட்டால் நிலைத்துவிடும், தெரியும்.
ஆனால் அழிகிற வேகத்தை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

போன வாரம் தியோ கூலிமுக்கு வேலை மாறினான்.
கடைசி நாளில் கடனைக் கேட்டேன்.
சாட்சி எங்கே என்றான்.
பர்ஸைத் திறந்தேன்.
தாள் வெளுத்துக் கிடந்தது,
சூட்டில் அச்சானது சூட்டிலேயே போயிருந்தது,
யாரும் ஒரு தடவைகூடப் படிக்காமல்.

வேறு வழியில்லை. விளக்கை அணைத்தேன்.
திரையில் பச்சையாக, நடுக்கத்தோடு,
இருபத்து மூன்று.
குனிந்து பார்த்தான்.
இரண்டு தெரிகிறது, அடுத்தது சரியாகத் தெரியவில்லை,
இன்னொரு தடவை காட்டு என்றான்.
காட்டினேன்.
இன்னும் ஒரே ஒரு தடவை என்றான், முகம் மாறாமல்.
அப்போதுதான் புரிந்தது.
பார்க்கப் பார்க்க இவன் கடன் குறைகிறது!

ஷட்டரை அடித்து மூடினேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
வாசிப்பு ஆயிரத்து இருநூற்றாறு. நோக்கம், வசூல்.
அவன் சிரித்துக்கொண்டே பன்னிரண்டு வைத்தான்.
மீதி ஐம்பது சென்னை வாங்காமலே
பாலத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

படிகத்தைக் கறுப்புத் துணியில் சுற்றி
இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
இருட்டிலும் அது கசியும் என்கிறார்கள், மிக மெதுவாக.
எவ்வளவு மெதுவாக என்பதை நான் இன்னும் அளக்கவில்லை.
அளப்பதென்றால்
ஒரு தடவை திறந்து பார்த்தாக வேண்டும்.