பெட்டி பேசக் கூடாது

முதல் பெட்டியில் மழை பெய்யவில்லை,
கடுகு பொரிந்தது.
இடி விழுந்தபோது யாரோ
தகரக் கதவைக் காலால் உதைத்தார்கள்.

விண்டர்தூரில், பழைய ரயில் பட்டறையின் பின்கட்டு.
தேங்காய் வாங்கப் போனவள் போல
பக்கப்பலகையை முட்டியால் தட்டினேன்.
ம்ம்ம் என்றது,
நூற்றெண்பது ஹெர்ட்ஸில்.

அதுதான் கோளாறு.
கூம்பு ஒன்று சொன்னால்
பெட்டி அதற்குக் கண் காது மூக்கு வைக்கிறது.

உள்ளே குறுக்குச் சட்டம் இறக்கினோம், நடுவில் அல்ல;
சரிபாதியாய்ப் பிரித்தால்
இரண்டு பாதியும் ஒரே சுருதியில் முனகும் என்றான் ரேட்டோ.
மூலைகளில் ஆட்டு ரோமம்:
பின்னால் போன அலை
திரும்பும் வழியை மறக்கட்டும்.

மீட்டரில் சிதைவு இறங்கியது,
பூஜ்யம் புள்ளி மூன்று.
ரேட்டோ கை குலுக்கினான்.
எண்ணுக்கு மழை தெரியுமா?

சனிக்கிழமை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.
ஒவ்வொன்றும் இருபத்தெட்டு கிலோ,
மூன்று மாடி, லிஃப்ட் இல்லை.
மூச்சு வாங்க ஜன்னலைத் திறந்துவைத்து
படத்தைப் போட்டேன்.
ஏழாவது நிமிடம் மழை:
முதலில் இலைமேல், அப்புறம் ஓட்டின்மேல்,
அப்புறம் எல்லாவற்றின்மேலும்.

கீழே பால்கனிக் கதவு படாரென்றது.
ரூத் எக்லி, கூடையும் கையுமாக
கொடியில் கிடந்த போர்வையுறைகளை
உருவிக்கொண்டிருந்தாள்.

அண்ணாந்து பார்த்தாள்.
ஒரு பொட்டு மேகமில்லை.
பிறகு என் ஜன்னலைப் பார்த்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும்.
கேட்கிறேன்,
இந்த இடியைக் கேட்டு முடித்துவிட்டு.