பத்து இருந்தால் எட்டு

பணகுடிப் பக்கம் ஆடிக்காற்று
ஆளைக் கேட்டு அடிப்பதில்லை.
கருவியில் எண் பதினைந்தைத் தாண்டிவிட்டால்
காற்றாலைக் கோபுரம் ஏறத் தடை.
தகரக் கொட்டகையில் நான்கு பேர்,
நான்கு போன், ஒரே சார்ஜர்.
அப்படித்தான் நாங்கள்
சாம்பல்கோட்டையின் எட்டாம் தளம்வரை போனோம்.

தளவாய் கேடயக்காரன்.
நாலாயிரம் உயிர். நகரவே மாட்டான்.
பூதம் அடிக்க அடிக்க முறுக்குத் தின்பான்.
"நான் நிக்கலேன்னா ஒங்க கதி என்னல?"
உண்மைதான்.
ஆனால் அவன் வாளால் ஒரு கோழியைக் கொல்ல
ஒன்றரை நிமிடம்.
நேரம் பார்த்திருக்கிறேன்.

செய்யது மந்திரவாதி.
ஒரு தீக்கோளம், ஆயிரத்து இருநூறு சேதம்.
அடுத்ததற்குப் பதினோரு வினாடி.
அந்தப் பதினோரு வினாடியும்
கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி
அங்கும் இங்கும் ஓடுவான்.
மேலே ஓர் உளுந்தவடை விழுந்தாலும் செத்துப்போவான்.

நான் வைத்தியன்.
வேறு யாரும் எடுக்காததால் நான்.
ஒரு சண்டையையும் முழுதாகப் பார்த்ததில்லை;
பார்த்ததெல்லாம் மற்றவர் தலைக்கு மேல்
சுருங்கும் சிவப்புக் கோடு.
பூதத்துக்கு எத்தனை கண் என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.
பிழைத்தால் அவர்கள் கெட்டிக்காரத்தனம்.
செத்தால், "வைத்தியரு தூங்கிட்டாரு வே."

மிச்சம் ஜெபஸ்டின். களவாணி.
பூட்டுத் திறப்பான். பூட்டில்லாத இடத்தில்
முதுகில் குத்துவான், தொண்ணூறு சேதம்.
பெட்டியில் பத்துக் காசு இருந்தால்
எட்டு என்பான்.

போல்ட் முறுக்கிய கணக்குத் தாளின் பின்பக்கம்
கட்டம் போட்டேன்:
சேதம், தாங்குவது, தூரம், மருந்துச் செலவு.
நான்கு நாள் கணக்கு.
களவாணி கடைசி. எனக்கும் அவனுக்கும்
ஏழு புள்ளிதான் இடைவெளி,
அதை நான் சத்தமாக வாசிக்கவில்லை.
"இவனக் கழிச்சிட்டு வில்லாளி ஒருத்தனச் சேப்போம்"
என்றான் தளவாய்.
ஜெபஸ்டின் ஒன்றும் சொல்லவில்லை.
என் போனிலிருந்து சார்ஜரைப் பிடுங்கித்
தன் போனில் சொருகிக்கொண்டான்.

அன்று ராத்திரி கோட்டை ராணி.
தளவாய் நின்றான். நின்றபடியே செத்தான்.
செய்யது பத்தாவது வினாடியில்.
எழுப்பும் மந்திரம் என்னிடம் இருந்தது;
நானே செத்துக் கிடக்கையில்
அதை யார் சொல்ல?

ஜெபஸ்டின் ஓடினான்.
"ஓடுதாம் பாரு, களவாணிப் பய!"
செத்த மூவரும் அவன் போனைச் சுற்றி நின்று
குடும்பத்தையெல்லாம் இழுத்துத் திட்டினோம்.
அவன் ஒவ்வொரு கதவாகத் தாண்டி
ஒவ்வொன்றையும் பின்னால் பூட்டிக்கொண்டே போனான்.
திறக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டவும் தெரியும்;
எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றியிருக்கவில்லை.
ராணி ஆறாம் தளத்துக் கதவை
இடித்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே கோயில்.
ஓர் உயிரை எழுப்ப இருநூறு காசு.
பையைக் கொட்டினான்:
இருநூற்றுப் பதினாறு.
எங்கள் கணக்கில் அவனிடம் இருக்கவேண்டியது நாற்பது.
கொட்டகையில் காற்று மட்டும் பேசியது.

"மொதல்ல என்னய எழுப்புல" என்றான் தளவாய்.
"தீ வேணும்ல, நான்தான்" என்றான் செய்யது.
ஜெபஸ்டின் என் பெயரைத் தொட்டான்.
நான் எழுந்தேன்.
என் மந்திரத்தில் மற்ற இருவரும் எழுந்தார்கள்,
காசில்லாமல்.
மிச்சம் பதினாறு காசுக்கு
அவன் தனக்கு ஒரு தொப்பி வாங்கினான்.
கேவலமான தொப்பி.

மறுநாள் காற்று எட்டுக்கு இறங்கிற்று.
கச்சை மாட்டிக்கொண்டு ஏறினோம்.
தாளின் முன்பக்கம் போல்ட் எண்கள் எழுதி
வள்ளியூர் அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று,
பின்பக்கத்தோடு.
ஓடியதற்கும் பூட்டியதற்கும் அதில் கட்டமில்லை.
தொப்பிக்கும் இல்லை.

இப்போதும் பெட்டியில் பத்து இருந்தால்
ஜெபஸ்டின் எட்டு என்கிறான்.
"எட்டா? சரி" என்கிறான் தளவாய்,
முறுக்கை நீட்டியபடி.
நானும் எட்டு என்றே எழுதிக்கொள்கிறேன்.